அடுத்த அறையிலிருந்து வந்த கால்

1. கைதட்டல்

இனிமேல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அறிவித்த அன்று, எங்கள் ஆபீஸில் எழுந்து நின்று கைதட்டியவன் நான் ஒருவன்தான். விசிலும் அடித்தேன். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டாதவர்கள் எங்கள் டீமில் இல்லை.

புது பேட்ச் பிள்ளைகளே, உங்களுக்கு யாராவது ஒரு சீனியர் வந்து பேசவேண்டும் என்று எங்கள் டீம் லீடர் சுமதி மேடம் கேட்டபோதும் நான்தான் கையைத் தூக்கினேன். "நீ பேசுனா அரை மணி நேரம் சிரிக்க வெச்சி அனுப்பிடுவ பிரபு. எழுதிக் குடு" என்றார். பிளஸ் டூவில் இரண்டு தடவை பெயிலானவனிடம் கட்டுரை கேட்ட முதல் ஆள் அவர். பிழை ஏதாவது இருந்தால் கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் ஆள் வருவார்.

நம் வேலை உங்களுக்கே தெரியும். மிக்சி ஓடவில்லை, வாஷிங் மெஷின் ஆடுகிறது, ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் வழிகிறது என்று ஜனங்கள் போன் செய்வார்கள். நாம் பொறுமையாகக் கேட்டு, புகாரைப் பதிந்து, நம்பர் கொடுக்கவேண்டும். அப்போது நெல்லித்தோப்பில் ஒரு மாடியில் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு வலது பக்கம் ஜாபர். டீமிலேயே நல்ல குரல், நல்ல மார்க், நல்ல பிள்ளை. இந்த மூன்றும் இல்லாத நான் பக்கத்தில் இருந்தால் அவனை எப்படிச் சும்மா விட்டிருப்பேன் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்த்திராத ஒரு பொருள் அங்கே இருந்தது. பிரேக் கார்டு. மஞ்சள் அட்டை, மேலே லேமினேஷன். பன்னிரண்டு பேருக்கு இரண்டே அட்டைதான். கார்டு கையில் இருந்தால்தான் எழுந்து டீ குடிக்கப் போகலாம். திரும்பி வந்ததும் அடுத்தவன் கையில் கொடுக்கவேண்டும். கொடுக்கும்போது சும்மா கொடுக்கமாட்டோம். தலையில் ஒரு தட்டு, இல்லாவிட்டால் "போய்த் தொல, கடையில வடை சூடா இருக்கு" என்று ஒரு வார்த்தை.

ஜாபர் கார்டைத் தானாகக் கேட்டதே இல்லை. நான்தான் அவன் கீபோர்டின் மேல் வீசுவேன். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் ஒரு கார்டு அவனுடையது. தொழுகைக்குப் போய்விட்டு வருவான். அது யாரும் எழுதி வைக்காத சட்டம்.

பிறகு கம்பெனி அந்த மாடியைக் காலி செய்தது. ஆளுக்கொரு சிஸ்டம், ஆளுக்கொரு ஹெட்செட். பைக்கில் கட்டி எடுத்துக்கொண்டு போனோம். கார்டு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. பிரேக்குக்கு சாஃப்ட்வேரில் ஒரு பட்டன் வந்துவிட்டது.

2. வீட்டில் ஒரு பிரபு

முதல் மாதம் சொர்க்கம். எட்டு மணி ஷிஃப்டுக்கு ஏழு ஐம்பத்தெட்டுக்கு எழுந்தேன். மேலே சட்டை, கீழே லுங்கி. கஸ்டமர் திட்டும்போது மியூட்டில் போட்டுவிட்டு முறுக்கு தின்றேன்.

இரண்டாவது மாதம் ஒரு விஷயம் கவனித்தேன். ஒரு கஸ்டமர் கிரைண்டர் குழவிக்கு ஜாதகம் சொல்லாத குறையாக இருபது நிமிடம் பேசினார். மியூட்டில் போட்டுவிட்டு நான் ஒரு கமென்ட் அடித்தேன். அருமையான கமென்ட். வலது பக்கம் திரும்பினேன். பீரோ இருந்தது. பீரோ சிரிக்கவில்லை.

மூன்றாவது மாதம் அம்மா வந்து, "குழம்புக்கு கத்திரிக்கா வாங்கட்டுமா, முருங்கக்கா வாங்கட்டுமா?" என்று கேட்டாள். நான், "சற்று நேரம் லைனில் காத்திருங்கள்" என்றேன்.

"இன்னாடா?"

"உங்கள் பொறுமைக்கு நன்றி."

"பைத்தியம் புடிச்சிடுச்சா உனக்கு?" என்று கரண்டியோடு நின்றாள் அம்மா. நான் விளையாட்டுக்குச் சொன்னதாகச் சிரித்துச் சமாளித்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுவாகவே வந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் மிக்சி ஜார் உடைந்துபோன ஒரு அம்மாள் புகாரெல்லாம் பதிந்த பிறகு, "தம்பி, சாப்டியாப்பா?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கை தானாகப் போய் மியூட்டை அழுத்திவிட்டது. கம்பெனி ஸ்கிரிப்டில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்பதற்காக அல்ல. அன்றைக்கு முழுக்க என்னிடம் யாராவது என்னைப் பற்றிக் கேட்டார்கள் என்றால் அது அந்த ஒரு ஆள்தான். எதிர்ப்பக்கம் சத்தம் இல்லாததால் லைன் கட் ஆகிவிட்டதாக நினைத்து அவர் வைத்துவிட்டார். என் குவாலிட்டி மார்க்கில் ஐந்து குறைத்தார்கள். காரணம், முறையாக விடை பெறவில்லை.

நான் வாயாடி. எனக்கே இப்படி என்றால் மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அப்போதாவது யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை.

3. பழுதே இல்லாத மாடல்

நம் டீமின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த மாதக் கடைசியில் ஒரு படம் வந்தது. நடுவில் ஜாபர் முகம், சுற்றிலும் பலூன். கீழே "இந்த மாத ஸ்டார். ஸீரோ பிரேக்!" என்று எழுதியிருந்தது. சுமதி மேடம் போட்டிருந்தார். தினமும் ஒன்பது மணி நேரம் லாகின், ஒரு நிமிடம்கூட பிரேக் இல்லை. நமது சிஸ்டத்தில் எல்லோர் பெயரும் தெரியும் போர்டு இருக்கிறதல்லவா, அதில் போன் காலுக்குத் தயாராக இருந்தால் பச்சை, பேசிக்கொண்டிருந்தால் சிவப்பு, பிரேக்கில் இருந்தால் மஞ்சள். ஜாபர் பெயர் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. மஞ்சளே கிடையாது.

எல்லோரும் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார்கள். நான் சும்மா இருப்பேனா? ஒரு வாஷிங் மெஷின் படத்தில் கண்ணாடிக் கதவு இருக்கும் இடத்தில் ஜாபர் முகத்தை ஒட்டி, "பழுதே இல்லாத மாடல். சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், கரண்ட் மட்டும் போதும்" என்று எழுதிப் போட்டேன். குரூப்பே உருண்டு சிரித்தது. ஜாபர் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான்.

ஒன்று சொல்லவேண்டும். அந்த மாதம் நான்கு வெள்ளிக்கிழமைகள். நான்கிலும் ஸீரோ. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் வாஷிங் மெஷின் படம் போட்டேன்.

4. அந்தக் கால்

அதற்கு அடுத்த வாரம், காலை பதினொன்று இருபது. எனக்கு ஒரு கால் விழுந்தது.

"வணக்கம், நான் பிரபு பேசுகிறேன், எப்படி உதவட்டும்?"

பெண் குரல். கொஞ்சம் வயதானவர். "தம்பி... மிக்சி..." என்று இழுத்தார்.

"சொல்லுங்கம்மா, மிக்சில இன்னா பிரச்சன?"

"மிக்சில ஒண்ணும் இல்லப்பா. நல்லா ஓடுது. அங்க ஜாபர்னு ஒரு பையன் இருக்கானா? அவனுக்குக் குடேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வாய் ஸ்கிரிப்டைத்தான் சொன்னது. "மன்னிக்கவும், குறிப்பிட்ட ஊழியரை இணைக்க எங்களால் இயலாது."

"அப்டித்தான் எல்லாரும் சொல்றாங்க. இது ஏழாவது தடவப்பா. ஒவ்வொரு தடவையும் வேற யாரோ எடுக்குறாங்க. எம் புள்ள எடுக்க மாட்டேங்குறான்."

"அவன் உங்க புள்ளையாம்மா? அவன் செல்லுக்கே போடலாமே?"

"செல்லு எடுக்க மாட்டான். பக்கத்து ரூம்லதான் இருக்கான் தம்பி. கதவுகிட்ட தட்டு வெச்சா பாதி சாப்புடுறான், பாதி அப்டியே இருக்குது. கேட்டா பதில் இல்ல. ஒரு மாசம் ஆச்சி எங்கிட்ட ஒரு வார்த்த பேசி. ஆனா போன் வந்தா எவ்ளோ இனிமையா பேசுறான்! அதான், இந்த நம்பருக்குப் போட்டா எங்கிட்டயும் பேசுவான்ல?"

இந்த லைனில் பேசுவதெல்லாம் பதிவாகும். சொந்த விஷயம் பேசினால் வார்னிங் லெட்டர். என்னிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தன. இரண்டும் சிரித்ததற்காக. மூன்றாவது வந்தால் ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

"ம்மா, நான் அவன் பக்கத்து சீட்டுக்காரன், பிரபு" என்றேன். "வீடு முதலியார்பேட்டதானே? சாயங்காலம் வரேன்."

"நீதான் அந்தப் பிரபுவா? முன்னல்லாம் வீட்டுக்கு வந்தா உன் கததான் பேசுவான். வாப்பா."

வைத்த பிறகு அந்தப் புகாரை எந்தத் தலைப்பில் பதிவது என்று தெரியவில்லை. கட்டாயம் ஏதாவது ஒன்றைப் போட்டால்தான் அடுத்த கால் வரும். 'மற்றவை' என்று போட்டேன்.

5. மெத்தை அறை

ஜாபரின் அத்தா, அதாவது அப்பா, டவுனில் மெத்தை, தலையணைக் கடை வைத்திருக்கிறார். வீட்டு மாடியில் அவன் அம்மா அறைக்குப் பக்கத்து அறை ஸ்டாக் ரூம். ஜாபர் அதில்தான் சிஸ்டத்தை வைத்திருந்தான். நான் போனபோது அவன் அம்மா மாடிப்படியில், கதவுக்கு வெளியே, டம்ளரில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஜாபர் யாருக்கோ வாஷிங் மெஷினில் டிடர்ஜென்ட் எவ்வளவு போடவேண்டும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். ஷிஃப்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் லாகின்.

"டெய்லி இங்க நின்னுதான் கேப்பேன்" என்றார் அம்மா மெதுவாக. "நல்லா பேசுறான்ல?"

நான் கதவைத் தள்ளினேன். திறந்துகொண்டது. தாழ்ப்பாளே போடவில்லை.

உள்ளே தரையிலிருந்து கூரை வரை மெத்தை. ஜன்னலையும் மெத்தை மறைத்திருந்தது. ஒரு டியூப் லைட், பஞ்சு வாசனை. சத்தமே இல்லை. நான் பேசினால் என் குரலே பாதியில் தின்னப்பட்டதுபோல் இருந்தது. பின்னணிச் சத்தம் இல்லாததற்கு இவனுக்கு நூற்றுக்கு நூறு கொடுத்தார்களே, கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

ஜாபர் இளைத்திருந்தான். என்னைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினான், இரு என்று. நான் மெத்தை அடுக்கின் மேல் ஸ்டைலாகச் சாய்ந்தேன். அடுக்கு சரிந்து மூன்று மெத்தை என் மேல் விழுந்தது. அவன் சிரிக்கவில்லை. கஸ்டமருக்கு நன்றி சொல்லி முடித்தான். பத்து விநாடியில் அடுத்த கால் வந்துவிடும். நான் மெத்தைக்கு அடியிலிருந்து எழுந்து அவன் மவுஸைப் பிடுங்கி பிரேக் பட்டனை அழுத்தினேன். போர்டில் அவன் பெயர் மஞ்சளானது.

"டேய், இன்னாடா பண்ற! ஸ்கோர் போயிடும்டா!"

"மஞ்சள் ஆயிடுச்சா? மழ கொட்டுதா, இடி இடிக்குதா பாரு."

அவன் ஹெட்செட்டைக்கூடக் கழற்றவில்லை. கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"இன்னாடா மச்சான் ஆச்சி?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலடா. அதான் பிரச்சன. ஒண்ணுமே ஆகல." என்றான். "பிரேக் போட்டா வெளில போவணும். வெளில போனா எப்டி இருக்கன்னு கேப்பாங்க. எனக்கு அதுக்கு பதில் தெரில. கஸ்டமர்னா நம்பர் குடுத்தா முடிஞ்சிடுது. அதுனால காலே எடுத்துட்டிருந்தேன். அஞ்சு மணிக்கு மேல இன்னா பண்றதுன்னு தெரியாம ஓ.டி.யும் போட்டேன்."

"பள்ளிவாசலுக்கு?"

"போவல. அங்கயும் கேப்பாங்க."

எனக்குச் சுற்றி வளைத்துக் கேட்கத் தெரியாது. "டேய், செத்துப்போலாம்னு எதுனா தோணுதாடா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கு முதல் தடவையாக. "அந்த அளவுக்கு இல்லடா. ஆனா காலைல எழுந்திரிக்கணும்னே தோணல."

"அந்த வாஷிங் மெஷின் படம்..." என்று ஆரம்பித்தேன்.

"பாத்தேன். சிரிப்பு வரல. சரியாதான் போட்டிருக்கான்னு நெனச்சேன்."

"சாரிடா" என்றேன். அந்த வார்த்தையை அவனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்பதால் அவனுக்கே சந்தேகம் வந்து, "நெஜமாவா?" என்று கேட்டான்.

கதவோரம் நின்றிருந்த அம்மா, "டீ ஆறிடுச்சு. வேற போட்டு எடுத்தாரட்டுமா?" என்றார், என்னைப் பார்த்து.

ஜாபர் ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "வேணாம்மா. அதையே குடு" என்றான்.

மொத்தம் மூன்று வார்த்தை. அவன் அம்மா டம்ளரைக் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் சூடா போட்டு எடுத்தாரேன்" என்று கீழே ஓடினார்.

6. விசாரணை

மறுநாள் காலையில் போர்டைப் பார்த்தேன். ஜாபர் பச்சை. ஒன்பது மணி, பத்து மணி, பத்தரை. மஞ்சளே இல்லை. ஒரு டீயில் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்த என்னை என்ன செய்வது?

பதினொரு மணிக்கு என் பிரேக் முடிந்ததும் அவன் செல்லுக்குப் போட்டேன். எடுக்கவில்லை. விடாமல் போட்டேன். ஐந்தாவது தடவை எடுத்தான்.

"கார்டு இப்ப உன் கையில" என்றேன். "பதினஞ்சு நிமிஷம். முடிஞ்சதும் கவிதாவுக்கு நீதான் போன் போட்டுக் குடுக்கணும். நீ குடுக்கலன்னா அவ டீ குடிக்காம உக்காந்திருப்பா. சொல்லிட்டேன்."

"எந்தக் கார்டுடா? அதான் இல்லையே."

"கவிதாகிட்ட அதச் சொல்லு."

கவிதா எங்கள் டீம்தான். பசி வந்தால் யார் என்று பார்க்கமாட்டாள். அவளிடமும் சொல்லி வைத்திருந்தேன். தனக்காக ஒரு நிமிடம்கூட எடுக்காத ஜாபர், இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்றதும் எழுந்துவிட்டான். போர்டில் மஞ்சள். பதினைந்தாவது நிமிடம் கவிதாவுக்குப் போன். கவிதா, "இவ்ளோ நேரம் இன்னா பண்ண? என் டீ கஷாயம் ஆயிடுச்சு" என்று திட்டியிருக்கிறாள். திட்டு வாங்கியது நன்றாக இருந்தது என்று பிற்பாடு ஜாபர் என்னிடம் சொன்னான்.

இப்படி ஒரு வாரம் போனது. பன்னிரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது சுமதி மேடம் போன் செய்தார்.

"பிரபு, போன வாரம் பதினொண்ணு இருபதுக்கு ஒரு கால். 'மற்றவை'ன்னு போட்டிருக்க. குவாலிட்டிலேர்ந்து எனக்கு அனுப்பியிருக்காங்க."

என் மூன்றாவது லெட்டர். "மேடம், சிஸ்டத்த எடுத்துட்டு எங்க வரணும்?" என்றேன்.

"வாய மூடு. அந்தக் கால ரெண்டு தடவ கேட்டேன்." பின்னால் குக்கர் விசில் கேட்டது. அவரும் சமையலறையில் உட்கார்ந்துதான் டீம் நடத்துகிறார். "அந்த ஸ்டார் படத்தப் போட்டது நான்தானே" என்றார். "அவங்க ஏழு தடவ கூப்ட்டிருக்காங்க. ஆறு தடவ நம்ம ஸ்கிரிப்ட் சொல்லி அனுப்பியிருக்கோம். அதுல ரெண்டு நான் எடுத்தது, அன்னிக்கு ஆள் பத்தலன்னு."

"மேடம், உங்களுக்கு கார்டு வேணுமா? மூணு மணிக்கு காலியா இருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். ரொம்ப நாளாயிற்று, நான் ஒருவரைச் சிரிக்க வைத்து அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டு. அவர் மேலதிகாரிகளிடம் பேசி ஸீரோ பிரேக் ஸ்டாரை நிறுத்தினார். எனக்கு லெட்டர் வரவில்லை. ஆனால் ஐந்து மார்க் குறைத்தார்கள். முறையாக விடை பெறவில்லையாம்.

கார்டு மருந்து இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜாபரை அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு அழைத்துக்கொண்டு போனோம், அவன் அம்மாவும் நானும். டாக்டரம்மா அவனோடு தனியாக அரை மணி நேரம் பேசினார். மாத்திரை கொடுத்தார், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொன்னார். வெளியே வந்து என்னைப் பார்த்து, "நீங்க எத்தன மணி நேரம் தூங்குறீங்க?" என்று கேட்டார். நான் கிண்டலாக ஏதோ சொல்ல வந்தேன். அவர் காத்திருந்தார். உண்மையைச் சொன்னேன். எனக்கும் ஒரு சீட்டு எழுதினார்.

செவ்வாயும் வெள்ளியும் நான் சிஸ்டத்தைத் தூக்கிக்கொண்டு மெத்தை அறைக்குப் போய்விடுவேன். ஜன்னலை மறைத்த மெத்தைகளை நகர்த்தி, இரண்டு மேஜைக்கு நடுவில் சுவராக நிறுத்தினோம். இப்போது வெளிச்சமும் வருகிறது, என் கமென்ட் கஸ்டமர் காதில் விழுவதும் இல்லை. சரியான கமென்டாக இருந்தால் மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து தலையணை பறந்து வரும். வெள்ளிக்கிழமை மதியம் அவன் தொழுகைக்குப் போகிறான். திரும்பி வர லேட்டாகிறது. கேட்டால், "வழியில ரெண்டு பேர் எப்டி இருக்கன்னு கேட்டாங்கடா, பேசிட்டிருந்தேன்" என்கிறான்.

7. ஒரு லீவு

நான்கு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலையில் சுமதி மேடம் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். ஜாபரின் லீவு விண்ணப்பம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பண்டிகையும் ஆஸ்பத்திரியும் தவிர அவன் கேட்ட முதல் லீவு. காரணம் என்ற இடத்தில் "சும்மா" என்று எழுதியிருந்தான்.

"இது நீ சொல்லிக் குடுத்ததா?" என்று கேட்டிருந்தார்.

"சத்தியமா இல்ல மேடம். நானா இருந்தா வயித்து வலின்னு பொய் சொல்லியிருப்பேன்."

மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றைக்கு முழுக்க அவனுக்கு நான் போன் செய்யவில்லை. சாயங்காலம் அவனே போட்டான். காலையில் கடையில் அத்தாவோடு உட்கார்ந்திருந்தானாம், மதியம் பஸ் ஏறி பிள்ளைச்சாவடிப் பக்கம் இறங்கி கடற்கரையில் நடந்தானாம், மீன் வாங்கி வந்தானாம். நாற்பது நிமிடம் பேசினான். நடுவில் நான் இரண்டு தடவை, "டேய், எனக்கு சாப்பாடு ஆறுது, வைடா" என்றேன். வைக்கவில்லை.

புது பேட்ச் பிள்ளைகளே, இந்த வேலை நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிடும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கஷ்டப்படுகிறவர் நம்பரைத் தேடி, ஒன்றை அழுத்தி, இரண்டை அழுத்தி, பாட்டைக் கேட்டுக் காத்திருந்து நம்மிடம் வருவார். வந்த பிறகுதான் எப்படி உதவட்டும் என்று கேட்போம். கஸ்டமருக்கு அது சரி. உங்களோடு வேலை பார்க்கிறவன் அப்படி வரமாட்டான். மிக்சி நின்றுபோனால் போன் போடும் நாம், நாமே நின்றுபோனால் யாருக்கும் போடுவதில்லை. ஆகவே நீங்கள் போடுங்கள். முதல் நாலு தடவை எடுக்கமாட்டான்.